பழைய ஃபெலனி வாரண்ட் இருந்தால் ஸ்னாப் உதவி கிடைக்காதா?

ஸ்னாப் என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் உணவு உதவி; ஃபெலனி என்பது கடுமையான குற்றம். நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள். 2013இல் டெக்சாஸில் இருந்தபோது என் கணவர் மேல் 1,800 டாலர் திருட்டு வழக்கு போட்டார்கள். ஜாமீனில் வந்தவர் அடுத்த வாய்தாவுக்குப் போகவில்லை. பிறகு வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டோம். வாரண்ட் இன்னும் நிலுவையில் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் அவருக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள். ஸ்னாப் விண்ணப்பத்தில் அவர் பெயரை விட்டுவிடலாமா?”

விடாதீர்கள். ஒரே வீட்டில் வசிக்கும் கணவன் மனைவியை ஸ்னாப் சட்டம் ஒரே குடும்பமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. வேண்டுமென்றே பெயரை மறைத்தது நிரூபணமானால் முதல் முறை 12 மாதம், இரண்டாம் முறை 24 மாதம், மூன்றாம் முறை ஆயுளுக்கும் தடை. அந்தத் தடை மறைத்தவருக்கு, அதாவது கையெழுத்துப் போட்ட உங்களுக்கு. வாரண்டால் வரக்கூடிய இழப்பைவிட இது பெரியது. அதோடு, வாரண்டால் இழப்பு வந்தே தீரும் என்றும் இல்லை.

1996ஆம் ஆண்டு நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் சொல்வது ‘வாரண்ட் உள்ளவருக்கு உதவி இல்லை’ என்றல்ல; ஃபெலனி வழக்கிலிருந்து ‘தப்பியோடுபவருக்கு’ இல்லை என்றுதான். ஆனால் தப்பியோடுவது என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. கணினியில் பெயர் தட்டுப்பட்டதுமே உதவியை வெட்டும் பழக்கம் பல இடங்களில் வளர்ந்தது. 2008இல் நாடாளுமன்றம் வரையறை கேட்டு, 2015 செப்டம்பரில், ஸ்னாப்பை நடத்தும் வேளாண் துறை இறுதி விதியை வெளியிட்டது. இன்று உங்கள் கவுன்டி அலுவலகம் பார்க்க வேண்டியது அந்த விதியைத்தான்.

அதன்படி நான்கும் சேர்ந்து நிரூபணமாக வேண்டும். வாரண்ட் ஒரு ஃபெலனிக்காகப் பிறப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். வாரண்ட் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கைதைத் தவிர்க்க அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். போலீஸ் அவரை உண்மையிலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவர் தப்பியோடுபவர் ஆகமாட்டார்.

முதலாவது உங்களுக்குச் சாதகமில்லை. டெக்சாஸில் இன்று 2,500 டாலருக்குக் கீழான சாதாரணத் திருட்டு ஃபெலனி இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் திருத்தம் 2015 செப்டம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு மட்டும். 2013இல் வரம்பு 1,500 டாலர். அன்றைய கணக்கில் 1,800 டாலர் ஃபெலனி. ஃபெலனி வழக்கில் ஜாமீனில் வந்து ஆஜராகாமல் இருப்பதும் அங்கே தனியொரு ஃபெலனி. நியூ ஜெர்சி சட்டம் குற்றங்களை ஃபெலனி என்று வகைப்படுத்துவதில்லை. அதை நம்பியும் பயனில்லை. வழக்கு நடந்த மாநிலத்தின் சட்டம்தான் பேசும்.

‘இப்போதுதான் தெரிந்தது’ என்ற வாதமும் அதிகம் எடுபடாது. ஜாமீனில் இருப்பவர் வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பார்கள்.

உங்கள் வலு மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கிறது. வேலைக்காக ஊர் மாறியதையும் ஒளிந்து திரிந்ததையும் ஒன்றாக்க முடியாது. வேலை நியமனக் கடிதம், தேதியோடு வீட்டு ஒப்பந்தம், சொந்தப் பெயரில் எடுத்த ஓட்டுநர் உரிமம், ஆண்டுதோறும் கட்டிய வருமான வரித் தாள்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். சொந்தப் பெயரில் வரி கட்டியவரைப் பதுங்கியவர் என்று சொல்வது கடினம். வாய்தாவுக்குப் போகாததை எதிராகக் காட்டுவார்கள்; அதற்கு உண்மையான காரணமும் ஆதாரமும் இருந்தால் சேர்த்துக்கொடுங்கள்.

நான்காவதில்தான் பெரும்பாலான பழைய வாரண்டுகள் உதிர்ந்துபோகும். வாரண்டைப் பற்றி அறிந்த நலத்துறை அலுவலகம் அதைப் பிறப்பித்த இடத்துப் போலீஸிடம் ‘இவரைப் பிடிக்கப்போகிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். பதிலுக்கு 20 நாள் அவகாசம். 30 நாளுக்குள் பிடிப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது. சொன்னாலும் அந்த 30 நாள் முடியும்வரை அலுவலகம் காத்திருந்து, பிடிக்க முயன்றார்களா என்று மறுபடி கேட்க வேண்டும். முயலவில்லை என்றால் அவரைத் தப்பியோடுபவராகக் கருதக் கூடாது. எஃப்.பி.ஐ. நடத்தும் என்.சி.ஐ.சி. தரவுத்தளத்தில் ஒவ்வொரு வாரண்டோடும், எவ்வளவு தூரம்வரை போய் ஆளைக் கொண்டுவருவார்கள் என்ற குறியீடு இருக்கும். சில ஆயிரம் டாலர் வழக்குக்கு டெக்சாஸ் கவுன்டி ஒன்று நியூ ஜெர்சிவரை ஆளனுப்பிச் செலவு செய்வது அரிது.

இந்த விசாரணையைக் காட்டி விண்ணப்பத்தை ஊறப்போடவும் முடியாது. வழக்கமான கெடு 30 நாள். கையில் ஒன்றுமில்லாத அவசர நிலையில் 7 நாள். கெடுவுக்குள் போலீஸ் பதில் வரவில்லை என்றால் வாரண்டை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே விதி.

விதிவிலக்கு ஒன்று: போலீஸ் அதிகாரி 4901, 4902, 4999 என்ற என்.சி.ஐ.சி. குற்றக் குறியீடுகளில் ஒன்றைக் கொண்ட ஃபெலனி வாரண்டை நலத்துறையிடம் நீட்டினால் நான்கு கேள்விகளும் தேவையில்லை. சிறையிலிருந்தோ வழக்கிலிருந்தோ தப்பியதற்கான குறியீடுகள் அவை. வாய்தாவுக்குப் போகாததற்கு வேறு குறியீடு. எனவே வாரண்ட் எந்தக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது என்பதை வழக்கறிஞர் மூலம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எதிராகப் போனாலும் விலக்கப்படுவது அவர் ஒருவர்தான். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரையான கணக்கில் நால்வர் குடும்பத்துக்கு மாத உச்சத்தொகை 994 டாலர், மூவருக்கு 785. ஆனால் ஆளாகக் கணக்கில் வராத அவருடைய வருமானம் முழுசாகக் கணக்கில் வரும். கழிவுகள் போக நிகர வருமானம் 600 டாலர் என்றால் அதில் 30 சதவீதமான 180 குறையும்: நால்வருக்கு 814, மூவருக்கு 605. நாளை அவருக்கு ஊனமுற்றோர் தொகை வர ஆரம்பித்தால் இந்த இடி இன்னும் பலமாக விழும்.

அந்தத் தொகையைப் பற்றியும் சொல்லிவிடலாம். சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஒரு காலத்தில் எந்த ஃபெலனி வாரண்டுக்கும் பணத்தை நிறுத்தியது. மார்ட்டினெஸ் எதிர் அஸ்ட்ரூ வழக்கின் சமரசத்துக்குப் பின், 2009 ஏப்ரல் முதல், மேலே சொன்ன அதே மூன்று குறியீடுகளுக்கு மட்டுமே நிறுத்துகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. உட்பட ஊனமுற்றோர் தொகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாய்தா தவறிய வாரண்ட் குறுக்கே நிற்காது. விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிக்கெய்டிலும் பள்ளி மதிய உணவிலும் இந்தத் தடையே இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கான டான்ஃப் ரொக்க உதவியில் உண்டு, ஆனால் யார் தப்பியோடுபவர் என்பதை மாநிலத்துக்கு மாநிலம் வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். அரசு வீட்டு வசதியில் இதைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியும்.

தகுதி வேறு, கைது வேறு. போலீஸ் முறைப்படி எழுதிக் கேட்டால் அவருடைய முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், இருந்தால் புகைப்படம் ஆகியவற்றை ஸ்னாப் அலுவலகம் கொடுத்தாக வேண்டும். 1997இல் தொடங்கிய ‘ஆபரேஷன் டேலன்’ என்ற வேளாண் துறையின் தேடுதல் வேட்டை இப்படிப் பட்டியலை ஒப்பிட்டு ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. எனவே படிவத்தில் ‘யாராவது சட்டத்திடமிருந்து தப்பி ஒளிந்திருக்கிறார்களா’ என்ற கேள்விக்குப் பதில் எழுதும் முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். சிவில் விஷயங்களுக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி இலவசமாக உதவும். (இதைப் படிக்கும் வேறு யாராவது குடியுரிமை இல்லாதவர் என்றால், முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.)

வாரண்டைத் தீர்க்க அந்த டெக்சாஸ் கவுன்டியிலேயே ஒரு குற்றவியல் வழக்கறிஞர் தேவை. ஃபெலனி வழக்கின் கட்டு அங்கே டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். அங்கே வாரண்டை ‘கேப்பியஸ்’ என்பார்கள். வழக்கு எண்ணோடு அந்தப் பெயரிலேயே கேட்கச் சொல்லுங்கள். எத்தனை வருடமானாலும் அது தானாகக் காலாவதி ஆகாது. அதைத் திரும்பப் பெறவும் புதிய ஜாமீனுக்கும் வழக்கறிஞர் மனு போடுவார். ஆணை கிடைத்ததும் முத்திரையிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். கணினிப் பதிவு நீங்கத் தாமதமானால் அந்த நகல்தான் கை கொடுக்கும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை: கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர், ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போய் வேறொருவர் வாரண்ட் ஒட்டிக்கொள்ளும் சிக்கல் வரலாம். சந்தேகம் இருந்தால் கைரேகை ஒப்பீடு கேளுங்கள்.

ஸ்னாப் மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ, மேல்விசாரணை கேட்க 90 நாள் உண்டு. வந்துகொண்டிருக்கும் உதவியை நிறுத்தும் கடிதம் என்றால், அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள், பெரும்பாலும் 10 நாளுக்குள், கேட்டால் முடிவு வரும்வரை பழைய தொகை தொடரும். தோற்றால் அதைத் திருப்பிக் கட்ட நேரிடும். விசாரணையில் முதலில் கேளுங்கள்: போலீஸுக்கு என்றைக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, எங்கே அந்தக் கடிதம்? கோப்பில் அது இல்லாமல் போட்ட உத்தரவு நிற்காது.