யானைக்கால் புழு வருடக்கணக்கில் உடம்பில் இருந்தும் எதிர்ப்புச் சக்தி ஏன் அதைக் கொல்வதில்லை?

கேட்டவர் இன்னொன்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: கால் வீங்கியவர்கள் எல்லாம் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பெரும்பாலும் விஷயம் அதற்கு நேர்மாறு.

நான் ஆய்வகத்தில் ரத்தம் பார்க்கிறவன். யானைக்கால் பரிசோதனைக்கு ரத்தத்தை இரவு பத்து மணிக்கு மேல்தான் எடுப்போம். புழுவின் குஞ்சுகளான மைக்ரோபைலேரியா பகலெல்லாம் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடந்து, கொசு கடிக்கிற நேரத்துக்குத் தோல் பக்கம் வரும். ஒரு சொட்டு ரத்தத்தைச் சாயம் போடாமல் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எடுத்தவுடன் புழு தெரியாது. ஓரிடத்தில் மட்டும் சிவப்பணுக்கள் காரணமில்லாமல் அலைபாயும். அங்கே தகட்டை நகர்த்தினால், கண்ணாடி இழை போல ஒன்று சாட்டையாக நெளிந்து அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே வெள்ளையணுக்கள் இருக்கும், ஒன்றும் அதன்மேல் பாய்ந்திருக்காது. ரத்தம் கொடுத்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. முதல் தடவை இதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்விதான் எனக்கும் வந்தது.

எதிரி பெரிய உருவம் என்பதிலிருந்து தொடங்கலாம். பாக்டீரியா என்றால் வெள்ளையணு விழுங்கிவிடும். திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகும் குழாய்தான் நிணநீர் நாளம். அதில் குடியிருக்கும் பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். அணுவைவிடப் பல ஆயிரம் மடங்கு. விழுங்க முடியாது. அதனால் உடம்பு வேறு ஆட்களை அனுப்புகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. ஈசினோஃபில் அணுக்களைப் பெருக்குகிறது. சாயம் போட்டுப் பார்த்தால் ஈசினோஃபில் வயிறு நிறைய ஆரஞ்சுச் சிவப்பு மணிகளை வைத்துக்கொண்டிருக்கும். எதிர்ப்பொருள் பூசிய குஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டு, அந்த மணிகளிலிருக்கும் நச்சுப் புரதங்களை அதன் தோல்மேல் கொட்டுவதுதான் அதன் வேலை.

சரி, இந்தப் போர் ஏன் முடிவுக்கு வருவதில்லை? புழுவுக்குச் சராசரி ஆயுள் 6 முதல் 8 வருடம். அத்தனை காலமும் லட்சக்கணக்கில் குஞ்சு விடுகிறது. விடாமல் போரிட்டால் சேதமாவது நம் திசுதான். அதனால் உடம்பு மெல்லத் தணிந்துபோகிறது. சண்டையைத் தணிக்கிற வெள்ளையணுக்களான நெறிப்படுத்தும் டி அணுக்கள் கூடுகின்றன, இன்டர்லூக்கின் 10 என்ற புரதம் சுரந்து மற்ற அணுக்களை அடக்குகிறது. எதிர்ப்பொருளும் வகை மாறுகிறது. ஐஜிஜி4 ஏராளமாக உண்டாகிறது. ஐஜிஇ எந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமோ அதே இடத்தை இது முந்திப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அழற்சியைக் கிளப்பாது. புழுவும் சும்மா இருப்பதில்லை. யானைக்கால் புழுக்களில் புருஜியா மலாயி என்ற இனம், நம் அணுக்கள் தங்களுக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் புரதங்களைப் போன்றவற்றைத் தானே சுரக்கிறது. நம் குரலிலேயே நம் அணுக்களிடம் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமாதானம் பழக்கத்தால் வருவது என்பதற்கு இரண்டாம் உலகப் போரே சாட்சி. பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்களில் ஆயிரக்கணக்கானோருக்குச் சில மாதங்களிலேயே நெறி கட்டியது, கை கால்களிலும் விரையிலும் வீக்கமும் வலியும் வந்தன. ரத்தத்தைப் பார்த்தால் மைக்ரோபைலேரியா அநேகமாக யாருக்குமே இல்லை. அந்தப் புழுவை அதுவரை சந்திக்காத உடம்புகள் முழு வேகத்தில் சண்டை போட்டன. தொற்றுள்ள தாயின் வயிற்றில் வளர்ந்த குழந்தையின் நிலை வேறு. பிறப்பதற்கு முன்பே அந்தப் புழு அதற்கு அறிமுகமாகிவிடுகிறது, அதனால் பின்னாளில் புழுவை எளிதில் சகித்துக்கொள்கிறது.

இப்போது வீக்கத்துக்கு வருவோம். புழு உயிரோடு இருக்கும்போதே நிணநீர் நாளம் விரிந்து தளர்ந்துவிடுகிறது, அது தனிக் கதை. ஆனால் சமாதானம் குலைகிறவர்களிடமும் புழு சாகிற இடங்களிலும் அழற்சி கிளம்புகிறது. புழுவின் உள்ளேயே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. புழு செத்ததும் அது வெளியே வந்து நெருப்பில் எண்ணெய் விடுகிறது. நாளம் அடைபட்டு நிணநீர் தேங்குகிறது. நான் பார்த்தவரை, பல வருடமாகக் கால் பெருத்திருப்பவரின் ரத்தத்தில் குஞ்சு கிடைப்பது அபூர்வம். பரப்புகிறவர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாத, பெஞ்சில் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதர்தான். வீங்கிய காலைப் பார்த்து விலகி உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரையும் இதே உடம்பை நம்பித்தான் வேலை செய்கிறது. தனியாக ஒரு குடுவையில் மைக்ரோபைலேரியாமேல் போட்டால் அந்த மருந்து பெரிதாக ஒன்றும் செய்யாது. உடம்புக்குள் போனால் சில மணி நேரத்தில் அவை ரத்தத்திலிருந்து மறைய ஆரம்பிக்கும். ஒளிந்திருந்தவற்றை மருந்து காட்டிக்கொடுக்க, நம் அணுக்கள் தீர்த்துக்கட்டுகின்றன. அப்போது வருகிற காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் புழு சாகிறதன் அடையாளம். "மாத்திரை போட்டதும் காய்ச்சல் வந்தது, இனிப் போட மாட்டேன்" என்கிறவர்களுக்கு இதை உட்கார்ந்து விளக்க வேண்டும். காய்ச்சல் கடுமையானாலோ இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே வீங்கிய காலில் திரும்பத் திரும்ப வரும் குளிர்காய்ச்சலுக்குப் புழு மட்டுமே காரணமில்லை. நிணநீர் ஓடாத காலுக்குக் காவல் அணுக்கள் சரியாகப் போய்ச் சேராது. விரல் இடுக்கில் தோல் ஊறி வெள்ளையாக வெடித்திருக்கும் சின்னப் பிளவு போதும், பாக்டீரியா உள்ளே போய்விடும். ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கிவிட்டுத்தான் போகும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல்களை விரித்து இடுக்கில் ஈரமில்லாமல் துணியால் ஒற்றி எடுத்தாலே இந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது.