மெலிஸ்ஸாவை மறுபடி கேட்டபோது

வணக்கம் சார்,

டென்மார்க்கின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெர்சிஃபுல் ஃபேட்டின் முதல் ஆல்பமான ‘மெலிஸ்ஸா’ பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். கிட்டார் பிடித்தது. பாடகர் கிங் டயமண்டின் கீச்சுக்குரலைத்தான் தாங்க முடியவில்லை. உங்களுக்கு இன்னும் பிடிக்கிறதா, இல்லை இளவயது நினைவு மட்டும்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் வந்த இரவே 7 பாடல்களையும் ஒரே அமர்வில் கேட்டேன். முன்பைவிட அதிகமாகவே பிடிக்கிறது. ஆனால் பிடிக்கும் இடங்கள் மாறிவிட்டன.

விடுதி அறையில் நகல் கேசட்டில் கேட்ட நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது பயம். சாத்தான், முகத்தில் பூசிய சாயம், மேடைக்குக் கொண்டுவந்து மெலிஸ்ஸா என்று பெயர் வைத்த மண்டையோடு. இப்போது அதெல்லாம் பின்னால் போய்விட்டது. கிட்டார்கள் முன்னால் வந்துவிட்டன. ஹேங்க் ஷெர்மன் முரட்டுத்தனமாகப் பாய்வார், மைக்கேல் டென்னர் மெட்டோடு இழைப்பார். ‘சேட்டன்ஸ் ஃபால்’ 11 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு வாசிப்பு காதுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். 1983இல் கோபன்ஹேகனில் இதைப் பதிவு செய்தபோது அவர்கள் இளைஞர்கள் என்பதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 1998இல் இவர்களுடைய 5 பாடல்களைக் கோத்து ஒரே பாடலாக வாசித்தார்கள். அவர்களுடைய டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் டென்மார்க்காரர்தான். அப்புறம் டிமி ஹேன்சனின் பேஸ் கிட்டார். கேசட்டில் அது எனக்குக் கேட்டதே இல்லை. அவர் 2019இல் இறந்துவிட்டார்; அதற்குப் பிறகுதான் அவர் வாசிப்பை முழுசாகக் கேட்கிறேன்.

சரி, குரல். அதைத் தனியாக எடுத்தால் கீச்சென்றுதான் இருக்கும். கவனியுங்கள், அவர் ஒரே பாட்டுக்குள் அடித்தொண்டையில் ஓர் ஆளாகவும் உச்சத்தில் இன்னோர் ஆளாகவும் பாடுகிறார். கடைசிப் பாடலான ‘மெலிஸ்ஸா’ மெதுவாகத் தொடங்கும். இறந்துபோன ஒரு சூனியக்காரிக்காக ஒருவன் அழுகிற பாட்டு அது. இருபது வயதில் எனக்கு அது பேய்க்கதை. வீட்டில் சாவு பார்த்த பிறகு கேட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அந்தக் குரல் ஏன் அப்படி மேலே போய் உடைகிறது என்று புரிகிறது.

அந்தப் பாட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள், ஹெட்போனில். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.