மூக்கை அளந்தால் உயர்வு தெரியுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ‘மூக்கையும் மண்டையையும் அளந்தே எந்த இனம் உயர்ந்தது என்று அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்கிறான். கூடப் படிக்கும் பையனின் மூக்கைக் கேலி செய்து, பள்ளியிலிருந்து புகாரும் வந்துவிட்டது. என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அளந்தது உண்மைதான் அம்மா. அளந்துவிட்டுச் சொன்னதுதான் புளுகு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை நீளத்தோடு வைத்து ஓர் எண் போட்டார். மூக்கு அகலமாக ஆக சாதியின் தரம் இறங்குமாம்! சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் ஊர் ஊராக மூக்கும் மண்டையும் அளந்தவர்தான். யார் மேல், யார் கீழ் என்று மனதுக்குள் முதலிலேயே எழுதிக்கொண்டு, அப்புறம் அதற்குச் சாட்சியாக மூக்கைப் பிடித்தார்கள்.

1972இல் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற மரபியலாளர் கணக்குப் போட்டார். மனிதர்களுக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம், ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று வந்தது. இனத்துக்கும் இனத்துக்கும் நடுவே மிஞ்சுவது கொஞ்சம்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் இதை இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். ரேகைச் சட்டம் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம்தான் அது. குணம் ரத்தத்திலேயே வருகிறது என்ற நினைப்புக்கு அதுவும் பங்காளி. சில சாதிகளில் பிறந்தவர்களையே பிறவிக் குற்றவாளிகள் என்றது அது. அவர்கள் கைரேகை பதிய வேண்டும்; ராத்திரியானால் ஆண்கள் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். தப்பே செய்யாதவனுக்கும் இதே கதிதான். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க்காரர்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் சட்டத்தை எடுக்க 1947 ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அங்கே கூட்டிப் போங்கள், நினைவிடம் இருக்கிறது. பிரசங்கம் வேண்டாம். ‘யார் அளந்தார், எதற்கு அளந்தார்?’ என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று பேசுவதையும் நிறுத்துங்கள். பையன் எல்லாவற்றையும் வீடியோவில்தான் கற்றான் என்று நான் நம்பவில்லை.

கேலிக்கு ஆளான அந்தப் பையனிடம் உங்கள் மகனே நேரில் போய் மன்னிப்புக் கேட்கட்டும். அவனுக்காக நீங்கள் வகுப்பாசிரியரிடம் போய்ச் சமாளிக்க வேண்டாம்.