மொபைல் செயலியில் எச்மேக் சேர்க்க ஒரு சின்ன லைப்ரரி போதுமா?

போதும். எச்மேக் என்பது, போனுக்கும் சேர்வருக்கும் மட்டும் தெரிந்த கீயை (இரகசியச் சாவி) மெசேஜோடு கலந்து எடுக்கிற முத்திரை. மெசேஜ் கொஞ்சம் மாறினாலும் அது பொருந்தாது. செயலியை ஃப்ளட்டரில் எழுதுகிறீர்கள் என்றால் அதன் மொழியான டார்ட்டின் கிரிப்டோ பாக்கேஜ் இருக்கிறது, இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் கேள்வியின் கடைசியில், "லைப்ரரியே இல்லாமல் கீயையும் மெசேஜையும் ஒட்டி நானே ஷா-256 போட்டால் என்ன?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஷா-256 என்பது மெசேஜைச் சுருக்கி ஹாஷ் என்கிற கைரேகையாக்கும் கணக்கு. அது நின்ற இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து கணக்குப் போடலாம். கீ தெரியாமலே உங்கள் மெசேஜின் வாலில் தன்னுடைய வரியை ஒட்டி, அதற்குச் சரியான ஹாஷையும் எடுத்துவிடலாம். 2009இல் பிளிக்கர் படத்தளத்தின் ஏபிஐயில் (வேறு செயலிகள் அதோடு பேசும் வாசல்) ஆய்வாளர்கள் காட்டியது இதே ஓட்டையைத்தான், அங்கே ஷா-256க்குப் பதில் எம்டி5 என்கிற பழைய ஹாஷ். எச்மேக் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று இரண்டு தடவை கீயைக் கலந்து ஹாஷ் எடுப்பதால் அந்த வழி அடைபடுகிறது. 1997இலேயே இதை ஆர்எஃப்சி 2104 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக எழுதி வைத்துவிட்டார்கள்.

இனி என் கதை. நான் கிளிநொச்சியில் இருந்து வேலை செய்கிறேன். பால் சேகரிக்கிற ஒரு நிறுவனத்துக்குச் செயலி செய்து கொடுத்தேன். விடியக் காலையில் சேகரிப்பாளர் ஒவ்வொரு படலையாகப் போய்ப் பாலை அளந்து, மாட்டுக்காரரின் இலக்கம், மாவட்டம், லீற்றர், லக்டோமீற்றர் காட்டும் பாலின் அடர்த்தி எல்லாவற்றையும் போனில் பதிவார். உள் கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பதிவுகள் மணிக்கணக்காகப் போனிலேயே கிடந்து, ரோட்டுக்கு வந்த பிறகுதான் சேர்வருக்கு ஏறும். "எச்டிடிபிஎஸ் இருக்க எச்மேக் எதற்கு?" என்று கேட்க வருகிறவர்களுக்கு இதுதான் பதில். எச்டிடிபிஎஸ் பாதையைத்தான் காக்கும். எந்தப் போனில் எழுதிய பதிவு, இடையில் லீற்றர் மாறியதா என்பதை அது சொல்லாது.

செயலியில் எச்மேக்கைப் பூட்டிய முதல் கிழமையே ஒரு சேகரிப்பாளரின் பதிவுகளில் மட்டும் பல திரும்பி வந்தன. மற்றப் பதின்மூன்று போன்களிலும் ஒரு பிழையும் இல்லை. எச்மேக் பொருந்தாவிட்டால் 'தரவு மாற்றப்பட்டுள்ளது' என்று சிவப்பில் காட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன். மூன்று நாள் அந்தப் பால் கணக்கில் ஏறவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் அவரைக் கள்ளன் மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் போனபோது வாங்கில் இருந்தவர் எழும்பி, பால் கறை பட்ட கொப்பியை விரித்துக் காட்டினார். "தம்பி, நான் ஒரு சொட்டுக்கூட மாத்தேல்லை. கொப்பியைப் பாருங்கோ." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இரவிரவாகப் பார்த்ததில், அவருடைய பதிவுகளில் முல்லைத்தீவு என்று போட்டவை எல்லாம் சரியாக ஏறியிருந்தன. கிளிநொச்சி என்று போட்டவை மட்டும் விழுந்திருந்தன. போன் அனுப்பிய சொல்லை பைட் பைட்டாக எண்ணினேன்: 33. சேர்வர் எச்மேக் எடுத்த அதே சொல்: 30. திரையில் இரண்டும் ஒரே கிளிநொச்சிதான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'நொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு பின்னால் அரவு என்று இரண்டாகவும் எழுதலாம். அந்த அண்ணையின் போனில் இருந்த விசைப்பலகை இரண்டாக எழுதியது. சேர்வரோ வந்த எழுத்தை ஒழுங்குபடுத்தி ஒன்றாக்கிவிட்டுத்தான் எச்மேக் பார்த்தது. அந்த எண்களை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். ஒரு குறியீடு கூடினால் மூன்று பைட் கூடும், எச்மேக் முழுவதும் வேறாகிவிடும். முல்லைத்தீவில் அப்படிப் பிரியக்கூடிய எழுத்தே இல்லை.

அதனால் சொல்கிறேன், அனுப்பிய பைட்டுகளைத் தொடாமல் அப்படியே வைத்து முதலில் எச்மேக்கைச் சரிபாருங்கள். பிரிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் அதற்குப் பிறகு. டார்ட்டில் எழுத்தை பைட்டாக்க யூடிஎஃப்8 என்கோடைப் பாவியுங்கள், கோட்யூனிட்ஸ் வேண்டாம். ஆங்கில எழுத்துக்கு இரண்டும் ஒரே விடை தருவதால் பிழை கண்ணில் படாது. கீயைச் செயலிக்குள் எழுதி வைக்காதீர்கள், செயலியின் கோப்பான ஏபிகேயைப் பிரித்தால் எவருக்கும் தெரியும். போனைப் பதியும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக 32 பைட் கீ கொடுத்து, போனின் சாவிப்பெட்டியான ஆண்ட்ரொய்ட் கீஸ்டோரின் காவலில் வையுங்கள். பழைய பதிவைத் திரும்ப அனுப்புவதைத் தடுக்க ஐந்து நிமிடக் கெடு வைக்கச் சொல்வார்கள். பதிவு மணிக்கணக்காகப் போனில் கிடக்கிற எங்கள் வன்னியில் அது சரிவராது, ஒவ்வொரு போனுக்கும் தொடர் இலக்கம் வையுங்கள்.

இன்னொன்று. எச்மேக் பொருந்தவில்லை என்றால் பைட் வேறு அல்லது கீ வேறு, அவ்வளவுதான். அது ஒருவரைக் கள்ளன் என்று சொல்வதில்லை. அந்தச் சிவப்பு வரியை 'சரிபார்க்க முடியவில்லை, பதிவு பாதுகாப்பாக உள்ளது' என்று மாற்றினேன். அண்ணையின் மூன்று நாள் பாலும் கணக்கில் ஏறியது. அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கீ சேர்வரிடமும் இருப்பதால், நீதிமன்றம் போனால் எச்மேக் சாட்சியாகாது, டிஜிட்டல் கையொப்பம்தான் வேண்டும் என்று பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் திருத்தலாம். ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

இதை ஓர் இடத்தில் சொன்னபோது, "ஊர்ப் பெயரை இங்கிலிஷில் போட்டால் பிரச்சினையே இல்லையே" என்றார் ஒருவர். எனக்குப் பொறுக்கவில்லை. 2009இல் எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. திரும்ப எடுத்தபோது அம்மாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு ஸ்பெல்லிங், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. தமிழில் மூன்றும் ஒரே பெயர். ஒரு இங்கிலிஷ் எழுத்துக்காகச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போயும், இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற அம்மாவை நான் பார்த்தேன்.

பெயர்களைத் தமிழிலேயே வையுங்கள். உங்கள் எச்மேக்கை ஆர்எஃப்சி 4231 தருகிற சோதனை விடைகளோடு முதலில் ஒத்துப்பாருங்கள். அடுத்து கிளிநொச்சியை 30 பைட்டாக ஒருமுறை, 33 பைட்டாக ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். இரண்டும் ஏறிய பிறகு செயலியை ஆட்களின் கையில் கொடுங்கள்.