கேள்வி நேரம்: செத்தவர்கள் வளர்த்த ஊர்

லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் என்ற ஊரில் பத்து நாள் தங்கியிருந்தேன் என்று இரண்டு வாரம் முன்னால் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த வாரம் முழுக்க அந்த ஊர்தான்.

கே: மகன் லண்டனில் வேலை என்கிறான், வீடு வோக்கிங்கில் என்கிறான். வோக்கிங் லண்டனில் சேர்த்தியா? (கரூர் வாசகி)

சேர்த்தி இல்லை. சர்ரே என்ற மாவட்டம். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து தென்மேற்கே 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வேக ரயில் அரை மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த அரை மணிதான் ஊரின் முதலீடு. வீட்டு விளம்பரங்களில்கூட எத்தனை படுக்கையறை என்பதற்கு அடுத்தபடி ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்றுதான் போடுகிறார்கள்.

காலை ஏழரை மணிக்கு பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அவ்வளவு நீள பிளாட்பாரத்தில் ஆட்கள் பரவி நிற்கவில்லை, இங்கே ஆறு பேர், அப்புறம் கொஞ்ச தூரம் காலி, அங்கே ஆறு பேர் என்று கொத்துக் கொத்தாக நின்றார்கள். ஏன் என்று ரயில் வந்தபிறகுதான் புரிந்தது, ஒவ்வொரு கொத்துக்கும் நேர் எதிரே ஒரு கதவு திறந்தது. வருடக்கணக்காக ஏறி ஏறிப் பழகிய இடம். ஒருவரோடு ஒருவர் பேச்சு கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு செவ்வாய், புதன், வியாழன்தான் கூட்டம், திங்களும் வெள்ளியும் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். சீசன் டிக்கெட் விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் யாரும் வாய் திறப்பார்கள்.

கே: பிணங்களுக்கென்று தனி ரயில் ஓடிய ஊர் என்று எழுதியிருந்தீர்கள். கதை விடுகிறீர்களா? (திருநெல்வேலி வாசகர்)

சத்தியமாக இல்லை. ஊரே அந்த ரயிலால் வந்ததுதான்.

1838-இல் லண்டனிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு ரயில்பாதை போட்டுக்கொண்டு வந்தவர்கள் இங்கே ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். சுற்றிலும் புதர்க்காடு. பழைய வோக்கிங் கிராமம் ஆற்றங்கரையில் தள்ளி இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து லண்டனில் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள், மாதாகோவில் தோட்டங்களில் புதைக்க இடமில்லை. தேம்ஸுக்கு அப்பால் மலிவாக நிலம் வாங்கி, ரயிலிலேயே பிணத்தை ஏற்றிப் போய்ப் புதைத்தால் என்ன என்று ஒரு கம்பெனி கிளம்பியது. 'லண்டன் நெக்ரோபொலிஸ் கம்பெனி' என்று பெயர். பிணநகரம் என்று பச்சையாகவே வைத்துக்கொண்டார்கள். 1852-இல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கி, வோக்கிங் சுற்றுவட்டாரத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை வளைத்துப் போட்டார்கள். அடுத்த ஸ்டேஷனான ப்ரூக்வுட்டில் 1854 நவம்பரில் இடுகாடு திறந்தது.

வாட்டர்லூ பக்கத்தில் இந்த ரயிலுக்குத் தனி ஸ்டேஷன். பிணத்துக்கும் மூன்று வகுப்பு: முதல் வகுப்புக்கு ஒரு பவுன், இரண்டாவதுக்கு ஐந்து ஷில்லிங், மூன்றாவதுக்கு இரண்டரை ஷில்லிங். செத்தவருக்கு ஒருவழி டிக்கெட், கூட வருகிறவர்களுக்குப் போக வர டிக்கெட். இங்கிலாந்து திருச்சபைக்காரர்களுக்குத் தனிப் பெட்டி, மற்றவர்களுக்குத் தனிப் பெட்டி, இடுகாட்டுக்குள்ளேயே இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு ஸ்டேஷன். சுடுகாட்டில் பேதமில்லை என்று நாம் சொல்லிக்கொள்வதைப் பாவம் அவர்கள் கேள்விப்படவில்லை. (நாமும் சொல்லிக்கொள்வதோடு சரி.) துக்கத்துக்கு வருகிறவர்களுக்கான கட்டணம் சட்டத்திலேயே நிர்ணயமாகி ஏறாமல் கிடந்ததால், அந்தப் பக்கம் கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் கறுப்பு உடை மாட்டிக்கொண்டு துக்கக்காரர்களைப் போல ஏறினார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

கம்பெனி எதிர்பார்த்த அளவுக்குப் பிணம் வரவில்லை. கையிலோ ஏக்கர் கணக்கில் நிலம். மறுபடி பாராளுமன்றத்துக்குப் போய், மிச்ச நிலத்தை விற்க அனுமதி வாங்கினார்கள். வாங்க வந்தது யார்? நோயாளிக் கைதிகளுக்கான சிறை, மனநோய் மருத்துவமனை, வயதான நடிகர்களுக்கு ஓர் இல்லம். லண்டன் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத எல்லாவற்றையும் இங்கே அனுப்பிவைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத்தான் தினமும் ரயிலேறுகிற குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஸ்டேஷனை ஒட்டி மனை மனையாக வாங்கி வீடு கட்டினார்கள், கடைவீதி முளைத்தது, ஊர் ஆனது.

1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு லண்டன் பிணஸ்டேஷனில் விழுந்ததோடு அந்த ரயில் நின்றுபோனது. வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோட்டில் அதன் முகப்புக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது, தெரியாதவர்கள் ஏதோ பழைய ஆபீஸ் என்று தாண்டிப் போகிறார்கள்.

கே: காந்தி அந்த ஊருக்குப் போயிருக்கிறாரா? (மதுரை வாசகர்)

போயிருக்கிறார், சாவுக்கு. 1891-இல் சார்லஸ் பிராட்லா இறந்தார். நாத்திகர், பாராளுமன்ற உறுப்பினர், இந்தியாவுக்காகப் பேசியவர். 1880-களில் சென்னையில் 'தத்துவ விவேசினி' பத்திரிகை நடத்திய நம்மூர் நாத்திகர்களுக்கு இவர் பெரிய முன்மாதிரி. ப்ரூக்வுட்டில் நடந்த அடக்கத்துக்கு லண்டனிலிருந்த இந்தியர் எல்லாருமே வந்திருப்பார்கள் என்று காந்தி சுயசரிதையில் எழுதுகிறார். திரும்பும்போது ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கையில் ஒரு நாத்திகர் பாதிரியாரை வம்புக்கு இழுத்ததையும் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது.

கே: வெள்ளைக்காரர்கள் புதைக்கத்தானே செய்வார்கள்? எரிப்பதும் அங்கேதான் தொடங்கியது என்கிறீர்களே? (ஈரோடு வாசகி)

நவீன எரியூட்டல் பிரிட்டனில் தொடங்கியது இந்த ஊரில்தான். விக்டோரியா ராணியின் மருத்துவர்களில் ஒருவரான சர் ஹென்றி தாம்ப்சன் 1874-இல் எரிப்பதற்கு ஆதரவாக ஒரு சங்கம் தொடங்கி, நெக்ரோபொலிஸ் கம்பெனியிடமே ஓர் ஏக்கர் நிலம் வாங்கி, இத்தாலியர் ஒருவர் வடிவமைத்த உலையைக் கட்டினார். 1879 மார்ச்சில் சோதனை ஓட்டம். முதலில் எரிந்தது ஒரு குதிரை. ஊரில் கொந்தளிப்பு, பாதிரியார் தலைமையில் எதிர்ப்பு. உள்துறை அமைச்சர் தடை போட்டார், உலை ஆறு வருடம் சும்மா கிடந்தது.

பூட்டைத் திறந்தது வேல்ஸிலிருந்த ஒரு கிழவர். டாக்டர் வில்லியம் பிரைஸ், எண்பது வயதைத் தாண்டியவர், இறந்துபோன தன் கைக்குழந்தையை மலைமேல் வைத்து எரித்தார். பிடித்து வழக்குப் போட்டார்கள். யாருக்கும் தொந்தரவில்லாமல் எரித்தால் சட்டப்படி குற்றமில்லை என்று 1884-இல் நீதிபதி சொல்லிவிட்டார். அடுத்த வருடம் மார்ச் 26-ஆம் தேதி வோக்கிங்கில் முதல் மனித உடல், ஒரு பெண்மணியுடையது, எரிந்தது. அந்த வருடம் மொத்தமே மூன்று பேர்.

மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1895-இல் இங்கேதான் எரியூட்டப்பட்டார், அஞ்சலிக் கூட்டம் நடந்ததும் அந்தப் பிணரயில் ஸ்டேஷனில்தான். சாம்பலை ஈஸ்ட்போர்ன் பக்கம் கடலில் கரைத்தார்கள். கணினிக்கு வித்திட்ட ஆலன் டூரிங் 1954-இல். பெரிய ஆட்கள் இந்த ஊரில் பிறந்த கதையைவிடப் புகையான கதைதான் அதிகம்.

கே: அங்கே ஒரு பழைய மசூதி இருக்கிறதாமே? (ஆம்பூர் வாசகர்)

1889-இல் கட்டியது. மசூதியாகவே திட்டமிட்டுக் கட்டிய முதல் கட்டடம், பிரிட்டனிலேயே. கட்டியவர் லைட்னர், ஹங்கேரியில் பிறந்த யூதர், லாகூரில் கல்லூரி முதல்வராக இருந்தவர். பணம் கொடுத்தவர் போபால் பேகம் ஷாஜகான், அவர் பெயர்தான் மசூதிக்கு. நடிகர்கள் இல்லம் காலியானதும் லைட்னர் அதை வாங்கிக் கீழைமொழிக் கல்வி நிலையம் நடத்தினார், அங்கே தங்குகிறவர்கள் தொழுவதற்குப் பக்கத்திலேயே இது. யூதர் கட்ட, இந்திய ராணி காசு கொடுக்க, இடுகாட்டுக் கம்பெனி விற்ற நிலத்தில் ஒரு மசூதி. ஓட்டு வீடுகளுக்கும் ரயில்பாதைக்கும் நடுவே, பச்சைக் குவிமாடத்தோடு, கைக்கு அடக்கமாக நிற்கிறது. தாஜ்மகாலை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். எனக்கு அந்தச் சின்னதுதான் பிடித்தது.

கே: செவ்வாய்க்கிரகவாசிகள் இறங்கியது வோக்கிங்கில்தான் என்று படித்தேன். (சேலம் வாசகர்)

ஹார்செல் காமன் என்ற புதர்வெளியில், எச்.ஜி. வெல்ஸ் நாவலில். 1895-இல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடிவந்தவர், சைக்கிளில் சுற்றிச் சுற்றி எந்தத் தெருவை எப்படி அழிக்கலாம் என்று குறித்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, நாவலில் செவ்வாய்வாசிகள் ஏறி வருகிற மூன்று கால் யந்திரத்துக்கு ஊர் நடுவே ஏழு மீட்டர் உயரத்தில் சிலையே வைத்திருக்கிறார்கள்.

கே: அந்த ஊர் நகராட்சி திவாலாமே? (கோவை வாசகர்)

அங்கே நகராட்சி சட்டப்படி திவாலாக முடியாது. கையில் காசில்லை, கட்டாயச் செலவு தவிர எதுவும் செய்யமாட்டோம் என்று நோட்டீஸ் போடலாம். 2023 ஜூனில் வோக்கிங் போட்டது. பற்றாக்குறை 120 கோடி பவுன். அந்த வருடம் செலவுக்குக் கையிலிருந்தது 1.6 கோடி பவுன். வரவு எட்டணா, செலவு பத்தணாவெல்லாம் இல்லை, பாருங்கள், எழுபத்தைந்து மடங்கு.

முப்பது மாடிக்கு மேல் கோபுரங்கள், ஹோட்டல், கடை வளாகம் என்று ஊர் நடுவே கட்டினார்கள், எல்லாம் அரசிடம் மலிவு வட்டிக்கு வாங்கிய கடனில். இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு கடனை ஏன் ஒருவரும் நிறுத்தவில்லை என்பதுதான் என் கேள்வி. 2024-இல் நகராட்சி வீட்டு வரியில் தன் பங்கைப் பத்து சதவீதம் ஏற்றியது. இப்போது சர்ரே முழுவதையும் இரண்டே மன்றங்களாக்கி, 2027 ஏப்ரலோடு வோக்கிங் நகராட்சியைக் கலைக்கப் போகிறார்கள், கடனில் 50 கோடி பவுனை அரசே அடைக்கும் என்று அறிவித்திருக்கிறது.

கே: பேரனைப் பார்க்கப் போகிறேன். ஒரு நாள் கிடைத்தால் எதைப் பார்க்கலாம்? (கும்பகோணம் வாசகர்)

காலையில் கால்வாய்க் கரையில் நடங்கள். பேசிங்ஸ்டோக் கால்வாய், 1794-இல் வெட்டி முடித்தது, ரயில் வந்ததும் பிழைப்புப் போய் நொடித்தது, இப்போது வாத்துகளுக்கும் ஓட்டப்பயிற்சிக்காரர்களுக்கும் ஆகிவிட்டது. அப்புறம் ரயிலில் ஒரே ஸ்டேஷன், ப்ரூக்வுட். ஸ்டேஷனிலிருந்தே இடுகாட்டுக்குள் வழி இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே. பார்சிகள் பகுதி எங்கே என்று கேளுங்கள், ஜம்ஷெட்ஜி டாட்டாவின் சமாதி அங்கேதான், வெளிநாட்டில் இறந்ததால் இங்கே கொண்டுவந்தார்கள். நான் போனபோது பைன் மரத்தடியில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது, வேறு ஆளில்லை. செருப்பில் போகாதீர்கள், மழை பெய்திருந்தால் கணுக்கால்வரை சேறு.