கென்யாவில் ஒரு பெண்பிள்ளையைப் படிக்கவைக்க: பணத்தை யாருக்கு அனுப்புவது?

கேள்வி: என் கணவர் ஆறு வருடம் கென்யாவில், நைரோபிக்குப் பக்கத்தில் ஆத்தி ரிவர் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அவர் லைனில் தைத்த ஒரு அம்மா போன வருடம் இறந்துவிட்டார். அப்பா முன்பே இல்லை. மகள் மேற்குக் கென்யாவின் சியாயாவில் பாட்டியிடம் இருக்கிறாள். இப்போது 9ஆம் வகுப்பு, ஜனவரியில் 10ஆம் வகுப்பு சேர வேண்டும். எங்களால் மாதம் 4,000 ரூபாய் ஒதுக்க முடியும். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு குழந்தைகள் இல்லத்தார், "மாதம் 2,500 அனுப்புங்கள், அவளை அழைத்துவந்து தங்கவைத்துப் படிக்கவைக்கிறோம்" என்கிறார்கள். அனுப்பலாமா? நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை கிடைக்குமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இல்லத்துக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி இருக்கிறார். தாயை இழந்து ஒரு வருடம்கூட ஆகாதவளை, அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே உறவிடமிருந்து பிரித்துத்தான் படிக்கவைக்க முடியும் என்று யாராவது சொன்னால், அவர்கள் தங்கள் இல்லத்தில் ஒரு கட்டிலை நிரப்பப் பார்க்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரோ, நெருங்கிய சொந்தமோ உண்டு. அந்நாட்டு அரசும் 2017இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. பிள்ளைகளைக் குடும்பங்களிடமே திருப்பிச் சேர்ப்பதற்காக 2022இல் பத்தாண்டுத் திட்டமும் வகுத்தது. உங்கள் பணம் பாட்டி வீட்டில் அவளை இருக்கவைக்கட்டும்.

அடுத்தது பணத்தை யாருக்கு அனுப்புவது என்பது. கட்டணம் முழுவதும் பள்ளியின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு, அவளுடைய அட்மிஷன் எண்ணைக் குறிப்பிட்டுப் போக வேண்டும். சித்தப்பாவுக்கோ, போதகருக்கோ, ஆசிரியருக்கோ அல்ல. நான் கிசுமுவில் பள்ளிக் கட்டண உதவி வேலையில் இருந்த தொடக்க காலத்தில் இந்தத் தவறைச் செய்தேன். ஒரு மாணவியின் கட்டணத்தை அவள் மாமாவின் கைப்பேசிக்கு, அங்கே போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா சேவையில் அனுப்பினேன். அவர் வீட்டில் அப்போது ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பணம் அங்கே போய்விட்டது. அவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இரண்டாம் பருவத்தின் மூன்றாவது வாரம் காலை அசெம்பிளியில் கட்டண பாக்கி உள்ளவர்களின் பெயர்களை வாசித்தபோது அவள் பெயரும் இருந்தது. கையில் பாக்கிச் சீட்டோடு ஒன்பது கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தாள். "ஃபீஸுக்கு வீட்டுக்கு அனுப்புவது" அங்கே வழக்கமான நடைமுறை. இப்படி மூன்று நான்கு முறை வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஐந்தாவது முறை திரும்பிப் போகாததைப் பார்த்திருக்கிறேன்.

செலவைப் பார்ப்போம். தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு அரசு வைத்த உச்சவரம்பு, முதல்தரத் தேசியப் பள்ளிகளில் ஆண்டுக்கு 53,554 ஷில்லிங், அடுத்த படியில் 40,535. நம் பணத்தில் ஏறத்தாழ 37,000, 28,000 ரூபாய். ஜனவரிப் பருவத்தில் பாதி, அடுத்ததில் 30 சதவீதம், கடைசியில் 20 என்று பிரித்து வாங்குவார்கள். பகல்நேர அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. மாணவருக்கு 22,244 ஷில்லிங் வீதம் அரசே பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அது பல சமயம் தாமதமாகவே வருவதால் மதியச் சாப்பாடு, தேர்வுத்தாள் என்று வீட்டிடம் கேட்பார்கள். பள்ளி நடக்கிற தூரத்தில் இருந்தால் பகல்நேரப் பள்ளியே போதும், பாட்டிக்கும் துணை. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் தூரம் என்றால் விடுதிதான் நல்லது. பெண்பிள்ளை விஷயத்தில் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

உங்கள் ஆண்டுக்கு 48,000 ரூபாய் இந்த அரசுப் பள்ளிகளில் எதன் கட்டணத்துக்கும் போதும். ஆனால் முதல் வருடத்தில் கட்டணத்தைவிட அதிகம் திணறடிப்பது சேர்க்கைக் கடிதத்தோடு வரும் பட்டியல். ட்ரங்குப் பெட்டி, மெத்தை, இரண்டு படுக்கை விரிப்பு, போர்வை, வாளி, பூட்டு, சீருடை, கறுப்புத் தோல் ஷூ, நாப்கின், அகராதி, சில பள்ளிகளில் புல் வெட்டும் கத்தியும் உண்டு. இடம் கிடைத்தும், பெட்டியும் மெத்தையும் இல்லாததால் சேர முடியாமல் போன பிள்ளைகள் உண்டு. மேற்குக் கென்யாவின் புசியாவில் நடந்த ஓர் ஆய்வில், சீருடையை இலவசமாகக் கொடுத்ததுமே பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம்போடுவது கணிசமாகக் குறைந்தது. இந்தச் சாமான்களை வாங்க உங்கள் கணவரின் பழைய சக ஊழியர் ஒருவரை அமர்த்துங்கள். கடை ரசீதுகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று வருடம் முழுவதற்கும் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். 10, 11, 12 முடியும்வரை ஏறத்தாழ 1,44,000 ரூபாய். தனியாக ஒரு ஆர்.டி. போட்டு, வேறு எதற்கும் தொடாமல் வைத்தால் நல்லது. இடையில் ஒரு பருவம் நின்றுபோனாலும் அவள் மேலே சொன்ன அசெம்பிளி வரிசையில்தான் நிற்பாள். முடியாது என்று தோன்றினால் இப்போதே தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சீருடையும் பெட்டியும் மட்டும் வாங்கிக் கொடுத்தாலும் அது உண்மையான உதவி. நிலையாகத் தொடர்ந்தால் பலன் உண்டு. உகாண்டா, கென்யா உட்பட ஆறு நாடுகளில் குழந்தை ஆதரவுத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2013இல் வந்த கட்டுரை, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்ததாகக் காட்டியது.

மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கமிஷனிலேயே ஒரு பங்கு கரைந்துவிடும். பருவத்துக்கு ஒருமுறை, முடிந்தால் ஜனவரியில் ஒரே தடவையாக அனுப்புங்கள். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். விதியில் அன்பளிப்பு, நன்கொடை அனுப்ப இடமுண்டு. ஏ2 படிவம், பான் எண், பள்ளியின் கட்டண விவரத்தாள், சேர்க்கைக் கடிதம் இவற்றோடு வங்கிக்குப் போங்கள். உங்கள் தொகைக்கு டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பு வராது, அது ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான். 80ஜி கிடைக்காது. வெளிநாட்டுப் பள்ளிக்கோ அமைப்புக்கோ நேரடியாகத் தருவதற்கு அந்தச் சலுகை இல்லை. இந்திய அறக்கட்டளைகளும் வெளிநாட்டில் செய்யும் செலவுக்கு வரிவிலக்கு பெற மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். ஆகவே யாராவது 80ஜி ரசீது தருகிறேன் என்றால் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

நேரடியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், அமைப்பு வழியாகப் போங்கள். 2010 முதல் ஈக்விட்டி குழும அறக்கட்டளை நடத்தும் 'விங்ஸ் டு ஃப்ளை' உதவித்தொகை கட்டணத்தோடு சீருடை, போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் தருகிறது. ஊர்க்காரர்கள் அடங்கிய குழு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. அவள் அதற்கு விண்ணப்பித்தாளா என்று பள்ளியில் விசாரியுங்கள். முன்பின் தெரியாத அமைப்பு என்றால் ஒரு சின்னச் சோதனை: கென்யாவில் எட்டாம் வகுப்பின் பழைய பொதுத்தேர்வு 2023இல் கடைசியாக நடந்தது. பழைய முறையில் அந்தத் தேர்வுக்குப் பிறகு சேரும் மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான 'ஃபார்ம் ஒன்'னில் கடைசியாகப் பிள்ளைகள் சேர்ந்தது 2024 ஜனவரியில். இன்றும் 'ஃபார்ம் ஒன் சேரக் காத்திருக்கும் அனாதைகள்' என்று படம் போட்டுப் பணம் கேட்டால், அது பழைய படம், அல்லது பொய்.

பிள்ளையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லாதீர்கள். அவளாக எழுதினால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது பருவ முடிவில் மதிப்பெண் அட்டையும் கட்டண ரசீதும் மட்டுமே.

இந்த வாரமே உங்கள் கணவரை அந்தப் பாட்டியோடு போனில் பேசச் சொல்லுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும் அதன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வாங்குங்கள். பள்ளியின் எண்ணைத் தனியாகத் தேடி, நீங்களே அலுவலகத்தை அழைத்து அவள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டி வாங்கும்போது பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று பாட்டியிடம் இருக்கட்டும்.