அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் (பிறர் பொருளை லிங்க் மூலம் பரிந்துரைத்து, அது விற்றால் கமிஷன் பெறும் தொழில்) எட்டு மாதமாக ஒரு விற்பனைகூட இல்லை. தொடரலாமா, விட்டுவிடலாமா?

எனக்கு முதல் விற்பனை வர 11 மாதம் ஆனது. அதனால் எட்டாவது மாதத்தில் டேஷ்போர்டில் பூஜ்யத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண் விழித்ததும் ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை, தூங்கப் போகும் முன் ஒரு முறை என்று பார்த்துக்கொண்டே இருப்போம். வீட்டில் யாராவது "என்ன ஆச்சு அந்த வேலை?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பேச்சை மாற்றுவோம். இப்போது இதுதான் எனக்கு முக்கிய வருமானம். ஆனால் இன்றைய நிலையைவிட அந்த 11 மாதத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

குரல் பதிவுக் கருவிகளைப் பற்றி ஒரு தளம் ஆரம்பித்தேன். மைக், ஹெட்போன், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இந்த மாதிரி. வீட்டிலேயே பதிவு செய்து பழகியவன் என்பதால் விஷயம் ஓரளவு தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அந்த அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, மற்றவர்கள் எழுதுவதையே எழுதினேன். 'சிறந்த 10 மைக்குகள்', 'புதியவர்களுக்கு ஏற்ற 7 ஹெட்போன்கள்' என்று ஐந்து மாதத்தில் 43 கட்டுரை. அந்தப் பத்து மைக்கில் நான் கையில் பிடித்துப் பார்த்தது இரண்டுதான். மற்ற எட்டுக்கும் விற்பனைப் பக்கத்தில் இருந்த விவரங்களையே வாக்கியம் மாற்றி எழுதினேன். லிங்கைத் தெரிந்த குழுக்களில் எல்லாம் போட்டேன். நண்பர்கள் பாசத்தில் கிளிக் செய்தார்கள். யாருக்கும் மைக் தேவைப்படவில்லை.

நான் சேர்ந்திருந்த அஃபிலியேட் திட்டத்தில் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும் என்பது விதி. நடக்கவில்லை. கணக்கை மூடிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை, விதியை முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 43 கட்டுரையிலும் இருந்த அத்தனை லிங்கும் ஒரே நாளில் செத்துப்போயின.

இந்தத் தொழிலே ஏமாற்றோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். உட்கார்ந்து தேடிப் படித்தேன். சிடிநவ் என்ற இசை விற்பனைத் தளம் 1994-லேயே தன் பொருள்களைப் பரிந்துரைக்கும் தளங்களுக்குக் கமிஷன் கொடுத்திருக்கிறது. அமேசான் தன் திட்டத்தை 1996 ஜூலையில் ஆரம்பித்தது. முப்பது வருடப் பழக்கம், அடிப்படை இன்றும் மாறவில்லை: ஒருவருக்குத் தேவையானதை நீங்கள் காட்டுகிறீர்கள், அவர் வாங்கினால் விற்றவர் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறார். அப்படியானால் பழுது என் பக்கம்தான். தொழிலே பொய் என்றால் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை, என் பக்கம் பழுது என்றால் சரிசெய்யலாம். அந்த வாரம் என்னை எழுந்து உட்கார வைத்தது இந்த எண்ணம்தான்.

சரி, பழுது எங்கே? முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். பக்கத்தைப் படிக்கிற நூறு பேரில் பத்துப் பேர் லிங்கைத் தொடுகிறார்கள், தொட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் ஒரு விற்பனைக்கு 200 வாசகர்கள் வேண்டும். என் தளத்துக்கு மாதம் வந்தவர்கள் 60 பேர்கூட இல்லை, அதிலும் பாதி என் நண்பர்கள். என் பூஜ்யத்தைத் தோல்வி என்று சொல்வதே பொருந்தாது, சோதனையே இன்னும் நடக்கவில்லை. உங்கள் கேள்வியில் எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், வாசகர் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மாதத்தை எண்ணாதீர்கள், படித்தவர்களை எண்ணுங்கள். 5,000 பேர் படித்தும் ஒருவரும் வாங்கவில்லை என்றால் பக்கத்தில் கோளாறு. 50 பேர்தான் படித்தார்கள் என்றால் உங்கள் பக்கம் நல்லதா கெட்டதா என்று இன்னும் யாருக்குமே தெரியாது.

அடுத்து, ஏன் 60 பேர்தான் வந்தார்கள்? 'சிறந்த மைக்' என்று தேடுகிறவருக்கு முன்னால், பல வருடமாக மைக்குகளைச் சோதித்து எழுதும் பெரிய பத்திரிகைகள் வரிசையில் நிற்கின்றன. விற்பனைப் பக்கத்தை மாற்றி எழுதிய என் கட்டுரையை கூகுள் ஏன் அவர்களுக்கு மேலே காட்ட வேண்டும்? சொந்தமாக எதையும் சேர்க்காத அஃபிலியேட் பக்கங்களைத் தரமற்றவை என்று கூகுள் தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

திருப்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில், என் தளம் எந்தெந்தத் தேடல்களில் தலைகாட்டியது என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை கிளிக் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அன்று முதல்முறையாக, கிளிக்கே விழாத வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றில் ஒன்று: காலர் மைக் போனில் வேலை செய்யவில்லை. அந்த மாதம் 90 முறை தோன்றியிருந்தது, கிளிக் பூஜ்யம். காலர் மைக் பற்றிய என் கட்டுரை தேடல் முடிவுகளில் ஏதோ ஐந்தாம் பக்கத்தில் தெரிந்திருக்கிறது. யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை.

அந்தத் தேடலுக்கு விடை எனக்குத் தெரியும்! நானே அந்தத் தொல்லையில் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டவன். கேமராவுக்காகச் செய்த காலர் மைக்கின் பிளக்கில் இரண்டு கருப்பு வளையம் இருக்கும். போனின் ஹெட்செட் துளை எதிர்பார்ப்பது மூன்று வளையம் உள்ள பிளக்கை. முதல் வகையை டி.ஆர்.எஸ். என்பார்கள், இரண்டாவது டி.ஆர்.ஆர்.எஸ். இரண்டும் ஒரே 3.5 மி.மீ. என்பதால் 'டக்' என்று உள்ளே போய்விடும், ஆனால் போன் அதை வெறும் ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். மைக் நம் சட்டையில் இருக்கும், குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்கும்.

அன்றே எழுதினேன். இரண்டு பிளக்கையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். வளையங்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பதிவு ஓடும்போது காலர் மைக்கை நகத்தால் தட்டுங்கள், பதிவில் அந்தத் தட்டல் பலமாகக் கேட்கவில்லை என்றால் போன் உங்கள் மைக்கை எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதினேன். தேவை ஒரு சின்ன அடாப்டர்தான், புது மைக் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். மொத்தமே 600 வார்த்தைதான் இருக்கும். வேறொரு திட்டத்தில் புதிதாகச் சேர்ந்து, அடாப்டருக்கு ஒரே ஒரு லிங்க் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து முதல் விற்பனை. ஒரு அடாப்டர், கூடவே அதே ஆள் அதே கூடையில் போட்ட ஒரு மேசை விளக்கு. விளக்கைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, ஆனாலும் கமிஷன் வந்தது. பல திட்டங்களில் லிங்க் வழியாக உள்ளே போனவர் அந்த நேரத்தில் வாங்குவது எல்லாமே கணக்கில் சேரும். தொகை மிகச் சின்னது. நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒருவருடைய ஒரு மாலை என்னால் வீணாகாமல் தப்பியது என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

அந்தப் பக்கம் ஏன் விற்றது, 43 கட்டுரையும் ஏன் விற்கவில்லை என்பதைப் பிறகு நிறைய யோசித்தேன். போட்டி குறைவு என்பது ஒரு பாதி. மறு பாதி குக்கி. நம் லிங்கைத் தொட்டவரின் பிரவுசரில், இவர் இன்னார் மூலம் வந்தார் என்று ஒரு குறிப்பு பதியும். அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. அமேசான் திட்டத்தில் அது 24 மணி நேரம்தான், அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள் வரை தாங்கும். மைக் வாங்குகிறவர் பத்து நாள் ஒப்பிட்டுப் பார்ப்பார், நண்பரிடம் கேட்பார், அப்புறம்தான் வாங்குவார். அதற்குள் நம் குறிப்பு காலாவதி ஆகியிருக்கும், கமிஷன் கடைசியாக வழிகாட்டியவருக்குப் போகும். அடாப்டர் தேடுகிறவரோ கையில் வேலை செய்யாத மைக்கோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு இன்றே வேண்டும். ஆரம்பத்தில் இருக்கிறவர்கள் இப்படிப்பட்ட பக்கங்களில்தான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யோசித்து வாங்குகிற பெரிய பொருள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் 30, 60 நாள் குக்கி தருகிற திட்டத்தைத் தேடிச் சேருங்கள், மென்பொருள் நிறுவனங்களில் அப்படிப் பல இருக்கின்றன.

அதன் பிறகு என் வேலை முறையே மாறியது. வாரம் ஒரு முறை கிளிக் விழாத வரிகளைப் படிப்பேன். எனக்கு உண்மையிலேயே விடை தெரிந்த கேள்வியை மட்டும் எடுப்பேன். 43 பழைய கட்டுரைகளில் 31-ஐ அழித்தேன். அழிப்பது எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் விற்பனைக்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். கூகுள் தன் தேடல் முறையை மாற்றும்போது ஒரே வாரத்தில் வாசகர்கள் பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். கமிஷன் விகிதமும் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-க்குக் குறைத்தது, மளிகைக்கு 5-லிருந்து 1. அதை மட்டும் நம்பியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் ஒரே திட்டத்தில் தொங்காமல் நான்கில் இருக்கிறேன். பொருள்களும் மாறுகின்றன: 2016-ல் வந்த ஐபோன் 7-லேயே ஹெட்செட் துளை இல்லை, இப்போது நிறைய போன்களில் இல்லை. என் அடாப்டர் பக்கத்தை மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். லிங்க் மூலம் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதைப் பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். பல நாடுகளில் அது விதி. விதி இல்லாத இடத்திலும் எழுதுங்கள், படிக்கிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. நான் அதை எழுத ஆரம்பித்த பிறகு விற்பனை குறையவில்லை.

விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கி இதைச் செய்கிறீர்கள் என்றால், அல்லது யாரோ விற்கிற பயிற்சி வகுப்புக்குச் சேமிப்பைக் கரைக்கிறீர்கள் என்றால், அந்தச் செலவை இன்றே நிறுத்துங்கள். இதற்கு ஒரு தளமும் நேரமும் போதும். எடுத்துக்கொண்ட துறையில் உங்களுக்கே ஒரு கேள்விக்கும் சொந்த விடை இல்லை என்றால் அந்தத் துறையை விடுங்கள், வேறு துறையில் தொடங்குங்கள். ஆறு மாதம் முறையை மாற்றி எழுதியும் சர்ச் கன்சோலில் தோன்றும் எண்ணிக்கை கொஞ்சமும் ஏறவில்லை என்றால் அப்போதும் விடலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் கிளிக் இல்லாவிட்டாலும் அந்த எண்ணிக்கை மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள்.

இந்த வாரம் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். சர்ச் கன்சோலைத் திறந்து, கடைசி மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்து, கிளிக் பூஜ்யமாக உள்ள வரிகளை மட்டும் மேலிருந்து கீழ் வரை படியுங்கள். 'ஏன்', 'எப்படி', 'வேலை செய்யவில்லை' என்று வருகிற வரிகளைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் யாரையும் கேட்காமல் நீங்களே விடை சொல்லக்கூடிய ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது இருபத்தேழாவது வரியில் இருந்தது.